எங்கள் குட்டி கெர்னலில் வேகத்துக்காகச் செய்தவற்றுக்குக் காரணம் எழுதி வைத்தது

நினைவகத்தின் ஒரு துண்டான பேஜை ஜீரோ ஆக்கும் ஃபங்ஷனுக்கு மேலே ஒரே ஒரு கமென்ட் இருந்தது: "வேகத்துக்காக. தொடாதே." கோரை ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் அசெம்பிளிக்கு மேலேயும் அதேதான். கவுண்ட்டர் ஸ்ட்ரக்சரில் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் 56 பைட் காலி இடம், அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. செக்சம் போடும் அசெம்பிளியில் லோடுக்கும் பெருக்கலுக்கும் நடுவே ஒரு நாப் (எதுவும் செய்யாத கட்டளை), அது எதற்கு என்று யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் முதலில் எழுதிய நண்பர் வேலைக்கு துபாய் போய்விட்டார், போனில் கேட்டால் அவருக்கே பாதிதான் ஞாபகம் இருக்கிறது.

கெர்னல், அதாவது ஹார்டுவேரை நேராக ஆளும் அடிப்படை நிரல், என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ராஸ்பெர்ரி பை 3 போர்டில் நாலு கோரையும் எழுப்பி, தண்ணீருக்குள் தொங்கும் ஹைட்ரோஃபோனிலிருந்து ஒலியை வாங்கி, வடிகட்டி, எஸ்டி கார்டில் எழுதும் சின்ன கெர்னல், அவ்வளவுதான். மண்டபத்தில் எங்களுக்கு இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, ஊரில் வடகடல் தென்கடல் என்றுதான் சொல்வோம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் பொங்கும், அப்போது பெட்டியை வடகடல் பக்கம் இறக்குவோம். வாடை தொடங்கினால் மாற்றிப் போடுவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு எஞ்சின் சத்தம் அடங்கிவிடும், பாறைப் பக்கத்தில் கொடுக்கைச் சொடுக்கிச் சத்தம் எழுப்பும் சின்ன இறால்கள் படபடவென்று வெடிப்பது மட்டும் தனியாகக் கேட்கும். அதில் ஒரு சாம்பிள்கூட விடுபடக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை வேக வேலையும். லினக்ஸே போதுமே என்று கேட்டால், போதும்தான். உள்ளே நடப்பதைக் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

காலேஜ் லீவில் வந்த அக்கா மகன் கெர்னல் நிரலைச் சுத்தம் செய்கிறேன் என்று உட்கார்ந்தான். அடுத்த வாரம் பதிவுகளில் அங்கங்கே சாம்பிள் விடுபட ஆரம்பித்தது. எந்த டெஸ்டும் ஃபெயில் ஆகவில்லை, கெர்னல் எங்கேயும் நிற்கவில்லை. சேமித்து வைத்த மாற்றங்களை கமிட் கமிட்டாகப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனால் அந்த 56 பைட்டைக் காணோம்.

"ஆமா மாமா, நான்தான் எடுத்தேன். சும்மா கெடந்த எடம்தானே? யாரும் தொடுறதே இல்லையே."

"யாரும் தொடாம இருக்கத்தான்டா அது அங்க இருக்கு."

அவன் மேல் தப்பே இல்லை. படித்துப் பார்த்து, யாரும் பயன்படுத்தவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் எடுத்திருக்கிறான், நல்ல புரோகிராமர் அதைத்தான் செய்வார். விஷயம் என்னவென்றால், நாலு கோருக்கும் ஆளுக்கு ஒரு 8 பைட் கவுண்ட்டர். நாலும் சேர்ந்து 32 பைட். பை 3-இன் கோரான கார்டெக்ஸ் ஏ53-இல், கேஷ் என்ற வேக நினைவகம் ஒரே துண்டாகக் கையாளும் கேஷ் லைன் 64 பைட், ஆக நாலு கவுண்ட்டரும் ஒரே லைனுக்குள் உட்கார்ந்துவிடுகின்றன. ஒரு கோர் தன் எண்ணைக் கூட்டும்போதெல்லாம் அந்த லைன் மொத்தமும் அதன் கைக்குப் போக வேண்டும், அடுத்த கோர் தன்னுடையதைக் கூட்ட வரும்போது அதைப் பிடுங்கி இழுக்க வேண்டும். யாரும் யாருடைய எண்ணையும் தொடவில்லை, ஆனாலும் லைன் நாலு பேருக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருக்கிறது. 8-உடன் 56 சேர்த்தால் 64, ஆளுக்கு ஒரு லைன், சண்டை தீர்ந்தது. பக்கத்திலேயே ஸ்பின்லாக் (ஒரு நேரத்தில் ஒரு கோர் மட்டும் எடுக்கக்கூடிய பூட்டு) இருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் லாக் எடுக்கப் பயன்படும் எக்ஸ்க்ளூசிவ் லோடு-ஸ்டோர் ஜோடி கவனிக்கும் பரப்பும் இந்த சிப்பில் 64 பைட்தான். அதே லைனில் வேறு யாராவது எழுதினாலே ஸ்டோர் தோற்று, லாக்கைத் திரும்ப முயல வேண்டியிருக்கும்.

அன்றைக்கே முடிவு செய்தோம்: புதிதாக எதுவும் சேர்ப்பதற்கு முன்னால், இருப்பவை ஒவ்வொன்றையும் எடுத்து, அளந்து, காரணம் எழுத வேண்டும்.

அளப்பது என்று ஆரம்பித்ததும்தான் தெரிந்தது, குறிப்பில் பாதி இடம் அளந்த விதத்துக்கே போகும் என்று. பை 3-இல் சும்மா கிடைக்கும் டைமர் 19.2 மெகா ஹெர்ட்ஸ். ஒரு டிக் ஏறக்குறைய 52 நானோ செகண்ட். 1.2 கிகா ஹெர்ட்ஸில் ஓடும் கோருக்கு அதற்குள் 62 சைக்கிள் போய்விடும், லாக் எடுப்பதுபோன்ற சின்ன வேலையை அதை வைத்து அளக்க முடியாது. அதனால் கோருக்குள் இருக்கும் சைக்கிள் கவுண்ட்டரைத் திறந்துவிட்டோம். அதிலும் கவனம் வேண்டும்: கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் ஒரு பிட் ஆன் ஆகி இருந்தால் 64 சைக்கிளுக்கு ஒரு முறைதான் எண்ணும், அது தெரியாமல் பார்த்தால் எல்லாமே அதிவேகமாகத் தெரியும். படிக்கும் இடத்துக்கு முன்னும் பின்னும், முந்தைய கட்டளைகள் முடியும்வரை காக்க வைக்கும் ஐஎஸ்பி ஒன்று போட வேண்டும், இன்டரப்டை நிறுத்தி வைக்க வேண்டும், முதல் ஓட்டத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

இதையெல்லாம் செய்த பிறகும் எண்கள் காலையில் ஒன்று மதியம் ஒன்று என்று வந்தன. இதற்குக் காரணம் எங்கள் ஊர்க் காற்று. மைக்ரோ யூஎஸ்பி பின் உப்புக்காற்றில் பச்சை பிடித்திருந்தது, அந்த இடத்தில் வோல்டேஜ் இறங்குகிறது. 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் போர்டின் ஃபர்ம்வேர் அதைக் கண்டுபிடித்து கோரின் வேகத்தை இறக்கிவிடும். தகரக் கூரைக்குக் கீழே மே மாத வெயிலில் சிப் 80 டிகிரியைத் தாண்டினாலும் அதேதான். இன்னொன்றும் உண்டு: லினக்ஸ் இல்லாமல் சொந்த கெர்னலை பூட் செய்தால் பை 3 சாதாரணமாக 600 மெகா ஹெர்ட்ஸிலேயே இருக்கும், ஃபர்ம்வேரிடம் மெயில்பாக்ஸ் வழியாகக் கேட்டால்தான் 1200-க்கு ஏறும். சைக்கிளில்தானே அளக்கிறோம், கடிகாரம் எவ்வளவு வேகமாக ஓடினால் என்ன என்று தோன்றும். ஆனால் முதன்மை நினைவகமான டிராம் கோரோடு சேர்ந்து வேகம் கூடுவதும் குறைவதும் இல்லை, அதனால் நினைவகத்துக்குப் போய்வரும் வேலைக்கு 600-இல் ஆகும் சைக்கிள் வேறு, 1200-இல் ஆகும் சைக்கிள் வேறு. இப்போது எங்கள் அளவெடுக்கும் நிரல் ஒவ்வொரு முறையும் முதலில் ஃபர்ம்வேரிடம் வோல்டேஜ் இறங்கியதா, வேகம் குறைக்கப்பட்டதா என்று கேட்கும். ஒரு பிட் ஆன் ஆகி இருந்தாலும் அந்த அளவைத் தூக்கிப் போட்டுவிடும். பின்னை மாற்றி, பவரை நேராக ஹெடரில் சால்டர் வைத்தபின் எண்கள் ஒரு இடத்தில் நின்றன.

சரி, பேஜ் ஜீரோவுக்கு வருவோம். 4096 பைட் பேஜை ஒரு தடவைக்கு 16 பைட்டாக எழுதினால் 256 ஸ்டோர். ஆர்ம் 64-இல் ஒரு முழுக் கட்டத்தையும் ஒரே இன்ஸ்ட்ரக்‌ஷனில் பூஜ்யமாக்கும் டிசி இஸட்விஏ இருக்கிறது, கட்டம் 64 பைட் என்றால் 64 தடவை போதும். நண்பர் அதைத்தான் செய்திருந்தார். வித்தியாசம் இருக்கத்தான் செய்தது, ஆனால் நாலில் ஒரு பங்கு நேரம் ஆகும் என்று அக்கா மகன் கணக்குப் போட்டது நடக்கவில்லை. காரணம், சாதாரண லூப்பையும் ஏ53 கவனித்துக்கொண்டுதான் இருக்கிறது: தொடர்ச்சியாக முழு லைன்களாக எழுதிக்கொண்டே போனால், எப்படியும் அழியப்போகிற பழைய உள்ளடக்கத்தை டிராமிலிருந்து இழுத்து வருவதை அதுவாகவே நிறுத்திவிடும். இதைக் குறிப்பில் எழுதாவிட்டால் அடுத்து வருபவர் லாபம் இன்ஸ்ட்ரக்‌ஷன் எண்ணிக்கையில் என்று நினைத்துத் தவறான இடத்தில் மெனக்கெடுவார்.

"வேகத்துக்காக. தொடாதே." இருந்த இடத்தில் இப்போது இருப்பதை அப்படியே தருகிறேன் (எம்எம்யூ என்பது நினைவக முகவரிகளை மாற்றித் தரும் பகுதி; நார்மல் என்பது சாதாரண நினைவகம், டிவைஸ் என்பது சாதனங்களுக்கான வகை):

"வகை: வேகம். இதை எடுத்துவிட்டு கீழே இருக்கும் சாதாரண லூப்பை வைத்தாலும் கெர்னல் சரியாக ஓடும். நிபந்தனை: எம்எம்யூ ஓடிக்கொண்டிருக்க வேண்டும், பேஜ் நார்மல் வகை நினைவகமாக இருக்க வேண்டும். எம்எம்யூ ஓடாதபோது எல்லாமே டிவைஸ் வகை, அங்கே இதை ஓட்டினால் அலைன்மென்ட் ஃபால்ட் வரும். அதனால் பூட்டின் தொடக்கத்தில் இதைக் கூப்பிடக் கூடாது. கட்ட அளவை ரெஜிஸ்டரிலிருந்து படிக்கிறோம். அதில் 4 என்று வருவது 4 பைட் அல்ல, இரண்டின் நாலாம் அடுக்கு, அதாவது 16 வேர்டு, 64 பைட். தடை பிட் ஆன் ஆகி இருந்தாலோ அளவு 64 இல்லாவிட்டாலோ சாதாரண லூப்புக்குப் போகிறோம். அளந்தது: பை 3, 1200 மெகா ஹெர்ட்ஸ், கேஷில் இல்லாத பேஜ், கேஷில் இருக்கும் பேஜ், இரண்டும் தனித்தனியாக. எடுக்க வேண்டிய நேரம்: வேறு கோருக்கு மாறும்போது திரும்ப அளந்து, லாபம் இல்லை என்றால்."

முதல் வரியில் இருக்கும் அந்த வகைதான் என்னைப் பொறுத்தவரை இந்த வேலையில் கிடைத்த பெரிய லாபம். வேகமா, சரியா? இதை எடுத்தால் மெதுவாகுமா, தப்பாகுமா? படித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே முகத்தோடு இருக்கும். கவுண்ட்டருக்கு 64 பைட் அலைன்மென்ட் போட்டது வேகத்துக்காக, எடுத்தால் மெதுவாகும். கோர் இல்லாமல் சாதனமே நினைவகத்தில் நேராக எழுதும் டிஎம்ஏவின் பஃபருக்கும் அதே 64 பைட் அலைன்மென்ட்தான், எடுத்தால் தரவே கெட்டுப்போகும். பை 3-இல் டிஎம்ஏவுக்கும் கோரின் கேஷுக்கும் ஒன்று எழுதியது இன்னொன்றுக்குத் தெரியாது, வந்திறங்கிய ஒலியைப் படிக்குமுன் அந்த லைன்களை நாம்தான் செல்லாததாக்க வேண்டும். பஃபர் லைனின் நடுவில் தொடங்கினால் பக்கத்தில் இருக்கும் வேறு யாருடைய எண்ணோ, நினைவகத்துக்குப் போய்ச் சேரும் முன்பே, சேர்ந்து காணாமல் போகும். இரண்டு இடத்திலும் ஒரே அட்ரிபியூட், ஒரே எண். ஒன்றை எடுத்துப் பார்க்கலாம், இன்னொன்றில் கை வைக்கக் கூடாது. நிரலை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடி என்று யாரிடமும் சொல்ல முடியாது.

அந்த நாப்பும் "சரி" வகைதான் என்று தெரிந்தபோது அப்பாடா எடுக்காமல் விட்டோமே என்று இருந்தது. ஏ53-இல் 835769 என்ற எண்ணில் ஆர்ம் வெளியிட்ட பிழை ஒன்று உண்டு: நினைவகத்தைத் தொடும் இன்ஸ்ட்ரக்‌ஷனை அடுத்து உடனே 64 பிட் பெருக்கிக்-கூட்டும் இன்ஸ்ட்ரக்‌ஷன் வந்தால், சில சூழ்நிலைகளில் விடை தவறலாம். ஜிசிசி கம்பைலரில் இதற்கு ஒரு ஆப்ஷன் உண்டு, அது செய்வதும் நடுவே ஒரு நாப் வைப்பதுதான். கையால் எழுதிய அசெம்பிளியில் நாமே வைக்க வேண்டும். நண்பர் சரியாகத்தான் வைத்திருக்கிறார், எண்ணை எழுதாமல் விட்டுவிட்டார். இப்போது அந்த நாப்புக்கு மேல் பிழை எண் இருக்கிறது, தேடினால் ஆர்ம் ஆவணத்துக்கே போய்ச் சேரலாம்.

எனக்கு மிகவும் கவலை தந்தது கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச். கோடில் பார்த்தால் எக்ஸ்19 முதல் எக்ஸ்30 வரை 12 ரெஜிஸ்டர், அதோடு ஸ்டாக் பாயின்டர், மொத்தம் 13, ஆக 104 பைட். மீதியை ஏன் சேமிக்கவில்லை என்றால், ஸ்விட்ச் என்பது ஒரு ஃபங்ஷன் அழைப்பு, அழைப்பவர் தனக்கு வேண்டியதைத் தானே பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது ஆர்ம் 64 அழைப்பு ஒப்பந்தம். இது வரை சரி. ஆனால் பல எண்களை ஒரே தடவையில் கையாளும் வெக்டர் ரெஜிஸ்டர் 32, ஒன்று 16 பைட், மொத்தம் 512 பைட். அதையும் ஒவ்வொரு ஸ்விட்சிலும் சேமிக்கவில்லை, யாராவது யூசர் புரோகிராம் தொடும்போது டிராப் (வேலையை நிறுத்தி கெர்னலை அழைக்கும் குறுக்கீடு) வந்தால் மட்டும் சேமிக்கிறோம். பிறகு அதே புரோகிராமுக்காகத் திறந்துவிட்டதால், அது கெர்னலுக்குள் வந்து போகும் நேரத்திலும் அந்த ரெஜிஸ்டர்களில் அதன் எண்கள்தான் இருக்கும். கெர்னல் ஒருபோதும் அவற்றைத் தொடாது என்ற நம்பிக்கையில்தான் இது நிற்கிறது. அந்த நம்பிக்கை எங்கே இருக்கிறது தெரியுமா? பில்ட் கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலில். பொது ரெஜிஸ்டர்களை மட்டும் பயன்படுத்து என்று கம்பைலருக்குச் சொல்லும் ஒரு ஃபிளாக். யாராவது ஃபிளாக் வரிசை நீளமாக இருக்கிறதே என்று அதை எடுத்தால், ஒரு சாதாரண ஸ்ட்ரக்சர் காப்பிக்கே கம்பைலர் வெக்டர் ரெஜிஸ்டரை எடுத்துக்கொள்ளும், ஓடிக்கொண்டிருந்த வடிகட்டியின் எண்கள் சத்தமில்லாமல் மாறிப்போகும். எர்ரர் வராது, டிராப் வராது, பதிவில் மட்டும் எங்கோ ஒரு சொடுக்குச் சத்தம் கேட்கும், அதையும் இறால் என்று எழுதி வைத்துக்கொள்வோம்! அதனால் இந்தக் குறிப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது, அசெம்பிளியிலும் மேக்ஃபைலிலும், ஒன்று இன்னொன்றைக் காட்டும். போதாது என்று பில்டின் கடைசியில் கெர்னல் பைனரியைப் பிரித்துப் பார்த்து, சேமிக்கும் ஃபங்ஷனைத் தவிர வேறு எங்காவது வெக்டர் ரெஜிஸ்டர் தென்பட்டால் பில்டையே நிறுத்தும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றும் வைத்தோம். குறிப்பைப் படிக்காதவரையும் அது நிறுத்தும்.

மேக்ஃபைலில் இன்னொரு ஃபிளாக்கும் இதே மாதிரி அநாதையாக இருந்தது. நினைவகத்தை ஒரே மதிப்பால் நிரப்பும் மெம்செட்டை நாமே சி-யில் லூப்பாக எழுதினால், இது மெம்செட் மாதிரி இருக்கிறதே என்று ஜிசிசி கண்டுகொண்டு, அந்த லூப்பை மெம்செட் அழைப்பாக மாற்றிவிடலாம், அப்போது அது முடிவில்லாமல் தன்னையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். லூப்பை அப்படி மாற்றாதே என்று சொல்லும் ஃபிளாக் அது. பார்ப்பதற்கு வேகத்தைக் குறைப்பதுபோல இருக்கும், வகை: சரி.

எடுத்துப் போட்டதும் உண்டு. ஷெட்யூலர் கியூவில் அடுத்த நோடை முன்கூட்டியே கேஷுக்கு இழுக்கும் பிரீஃபெட்ச் இருந்தது. எங்கள் கியூவில் இருப்பதே விரல் விட்டு எண்ணும் அளவு வேலைகள், எல்லாம் ஏற்கனவே கேஷில்தான் இருக்கும். அளந்து பார்த்தோம், இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். லினக்ஸிலேயே இது நடந்திருக்கிறது: லிஸ்டைச் சுற்றி வரும் மேக்ரோக்களுக்குள் பல வருடமாக இருந்த பிரீஃபெட்சை 2011-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எடுத்தார். ஹாஷ் லிஸ்டுகள் பெரும்பாலும் மிகச் சின்னவை, கடைசியில் இருக்கும் நல் பாயின்டரையே போய் பிரீஃபெட்ச் செய்ய, எக்ஸ்86-இல் அதற்கு டிஎல்பி (முகவரி மாற்றங்களை நினைவில் வைக்கும் சின்னப் பட்டியல்) மிஸ் ஆகி நேரம் வீணானது. வேகத்துக்காக வைத்தது வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. எடுத்ததற்கும் நாங்கள் குறிப்பு எழுதினோம், கமிட் செய்தியில். இல்லாவிட்டால் யாராவது புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் திரும்பக் கொண்டுவந்து வைப்பார்கள்.

நினைவகத்தைத் தொடும் வரிசை மாறாமல் தடுக்கும் மெமரி பேரியருக்கு லினக்ஸ்காரர்கள் செய்வதையே எடுத்துக்கொண்டோம். அங்கே கமென்ட் இல்லாமல் பேரியர் வைத்தால் பேட்ச் சரிபார்க்கும் ஸ்கிரிப்ட் எச்சரிக்கும். பேரியர் எப்போதும் ஜோடியாகத்தான் வேலை செய்யும், ஒரு கோர் தரவை எழுதிவிட்டு இன்டெக்ஸை எழுதுமுன் ஒன்று, இன்னொரு கோர் இன்டெக்ஸைப் படித்துவிட்டுத் தரவைப் படிக்குமுன் ஒன்று. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு பெயர் கொடுத்து இரண்டு கமென்டிலும் அதையே எழுதினோம், தேடினால் இரண்டும் சேர்ந்து வரும். அக்கா மகன் அவன் லேப்டாப்பில் போர்டைப் போல நடிக்கும் கியூஎம்யூ என்ற நிரலில் ஒரு பேரியரை எடுத்து ஓட்டிக் காட்டினான், நன்றாகவே ஓடியது. ஓடத்தான் செய்யும், அவன் லேப்டாப் எக்ஸ்86, ஆர்ம் அனுமதிக்கும் பல வரிசை மாற்றங்கள் அதில் நடக்காது, கியூஎம்யூவுக்குக் கேஷ் என்ற ஒன்றே கிடையாது. ஏ53-உம் இன்ஸ்ட்ரக்‌ஷன்களை வரிசையாகவே ஓட்டும் கோர் என்பதால் அதிலும் இந்தப் பிழை நாள்கணக்கில் தலை காட்டாமல் இருக்கலாம். அதனால் இந்தக் குறிப்புகளில் "போர்டில் ஓடினாலும் நம்பாதே, ஒப்பந்தத்தைப் பார்" என்று ஒரு வரி சேர்த்தோம்.

இப்போது பை 4 ஒன்று மேசையில் இருக்கிறது. அதில் கார்டெக்ஸ் ஏ72, வரிசையை மாற்றி ஓட்டும் கோர். டைமர் 54 மெகா ஹெர்ட்ஸ், ஒரு டிக் 18.5 நானோ செகண்ட், 1.5 கிகா ஹெர்ட்ஸில் 28 சைக்கிள் அளவு. குறிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து எது அங்கே செல்லும், எது செல்லாது என்று பிரிக்கும் வேலையை அக்கா மகனிடமே கொடுத்தேன். 835769 ஏ53-க்கு மட்டும் உரிய பிழை, அந்த நாப் ஏ72 பில்டில் வேண்டியதில்லை என்று அவனே எழுதிவிட்டான். கேஷ் லைன் அங்கேயும் 64 பைட், காலி இடம் அப்படியே இருக்கும். பேஜ் ஜீரோவைத் திரும்ப அளக்க வேண்டும். பேரியர் ஜோடிகள் நாலையும் முதலில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.